மரியோ வண்டியில் உட்கார மாட்டேன் என்கிறானா? பெரிய பிரிக் மாடலில் வரும் கோளாறுகள்

லெகோ மாதிரி பிளாஸ்டிக் பிரிக்குகளை மாட்டிப் பெரிய மாடல் கட்டும்போது பாதியில் மாட்டிக்கொண்டு, ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு கையில் சக்கரமும் மறு கையில் போனுமாக உட்கார்ந்திருப்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். பெட்டியையே இன்னும் பிரிக்காதவர்கள் நிதானமாக வாருங்கள். உங்களுக்கு இதில் பாதி இப்போது புரியாது, மூன்றாவது பையைத் திறக்கும்போது தானாகப் புரியும்.

என் கதை சுருக்கமாக. லெகோவின் மரியோ கார்ட் செட், எண் 72037, 2025-ல் வந்தது, 1,972 துண்டுகள். வீடியோ கேம் நாயகன் மரியோ, அவன் ஓட்டும் கார்ட் என்கிற சின்னப் பந்தய வண்டி, அதைச் சாய்த்து நிறுத்த ஒரு ஸ்டாண்ட். மும்பை செம்பூரில் எங்கள் வீடு ஒரே படுக்கையறை, சாப்பாட்டு மேஜை கிடையாது, தரையில் பாய் விரித்துத்தான் கட்டினேன். முலுண்டிலிருந்து வந்த அக்கா மகன் ஐந்து நிமிடம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சித்தி, தம்பி எங்க?" என்றான். தம்பி என்றால் லூயிஜி. சரி என்று உதிரித் துண்டுகளை வாங்கி, மரியோவின் அளவிலேயே நானே ஒரு வடிவம் போட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க அந்தத் தம்பியைக் கட்டினேன். கீழே வருகிற கோளாறுகளில் கால்வாசி மரியோவிடம் பட்டது, முக்கால்வாசி லூயிஜியிடம் பட்டது. செட்டில் தப்பு செய்தால் திரும்பிப் பார்க்கப் புத்தகம் இருக்கிறது. சொந்த வடிவத்தில் அந்தப் புத்தகமே நம் தலைக்குள்தான், அதிலேயே பிழை இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

கோளாறு தெரிகிற இடமும் தப்பு நடந்த இடமும் ஒன்றாக இருந்தது எனக்கு அபூர்வம். மட்கார்டு உட்காரவில்லையா, மட்கார்டின் மேல் பழி போடாதீர்கள், இருபது பக்கம் முன்னால் அடிச்சட்டத்தில் எதையோ மாற்றி வைத்திருப்பீர்கள். அதனால் பொருந்தாத எதையும் கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சரியான துண்டு சரியான இடத்தில் என்றால் டக்கென்று உட்கார்ந்துவிடும். உட்காரவில்லை என்றால் எண்ண ஆரம்பியுங்கள்.

துளைக்கு நேராகத் துளை வரவில்லை, பின் (துண்டுகளை இணைக்கும் சின்ன ஆணி) உள்ளே போக மறுக்கிறது

பெரிய மாடலில் எல்லோருக்கும் ஒரு தடவையாவது வருவது இதுதான். பக்கவாட்டில் துளை போட்ட டெக்னிக் பிரிக்கை உற்றுப் பாருங்கள், துளைகள் மேலிருக்கும் குமிழ்களுக்கு நேர் கீழே இருக்காது, இரண்டு குமிழ்களுக்கு நடுவே இருக்கும். நான்கு குமிழ் உள்ள பிரிக்கில் மூன்று துளைதான். இதை மறந்துவிட்டுத் துளையை வைத்துக் கணக்கிட்டு பிரிக்கை வைத்தால் ஒரு குமிழ் தள்ளிப் போய்விடும், அதாவது 8 மில்லிமீட்டர். வைக்கும்போது எதுவும் தெரியாது. பத்துப் பன்னிரண்டு படி கழித்துக் குறுக்குச் சட்டம் போடும்போதுதான் துளைகள் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கும்.

லூயிஜியின் அடிச்சட்டத்தில் எனக்கு நடந்தது இது. இரண்டு பக்கமும் நீளச் சட்டம், முன்னால் ஒரு குறுக்கு. குறுக்கில் இடது பின் போகிறது, வலது பின் போகவில்லை. பின்னை மாற்றினேன், குறுக்கைத் திருப்பிப் போட்டேன், கடைசியில் உள்ளங்கையால் ஒரு குத்தும் விட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். அம்மாவுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், செம்பூருக்கு வந்து நாற்பது வருஷம் ஆகியும் வாசல் டைலில் தினமும் கோலம் போடுகிறவள். ஸ்டட் என்று நாங்கள் சொல்கிற குமிழுக்கு அவள் அகராதியில் பெயர் புள்ளி. கீரைக்காம்பாலேயே தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"ஏட்டி, இந்தப் பக்கம் முனையில இருந்து பதினொண்ணு வருது, அந்தப் பக்கம் பன்னெண்டு வருது. ஒரு புள்ளி பிசகுனா சிக்கு எப்படி மூடும்?"

சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கோடு எங்கே மூடாமல் நிற்கிறதோ அங்கே தேடிப் பயனில்லை, புள்ளி வைத்த இடத்துக்குத்தான் போக வேண்டும். அன்றிலிருந்து என் வழக்கம் இது: சட்டத்தின் ஒரு முனையிலிருந்து கோளாறு வரை புள்ளிகளை எண்ணிக் காகிதத்தில் எழுதுவேன், மறு பக்கமும் எண்ணுவேன், இரண்டும் ஒன்றா என்று பார்ப்பேன். புத்தகத்திலும் படத்தில் தெரியும் புள்ளிகளை அதே போல எண்ணுவேன். ஒரு ஊக்கால் தொட்டு எண்ணினால் கண் தடுமாறாது.

எந்தப் படியில் பிசகியது என்று தெரியவில்லையா, ஒவ்வொரு பக்கமாகப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருக்காதீர்கள். சரியாக இருந்ததாக நிச்சயம் தெரிந்த ஒரு படியையும் இப்போதைய படியையும் எடுத்துக்கொண்டு, நடுவில் ஒரு படியைத் திறந்து மாடலோடு ஒப்பிடுங்கள். அங்கே சரி என்றால் தப்பு அதற்குப் பிறகு, அங்கேயே தப்பு என்றால் அதற்கு முன்னால். திரும்பவும் பாதி. அறுபது படிகளை ஆறே ஒப்பீட்டில் முடித்துவிடலாம். ஒவ்வொரு பை முடிந்ததும் மேலே, பக்கம், அடி என்று மூன்று போட்டோ எடுத்து வைத்திருந்தால் பிரிக்காமலே இதைச் செய்யலாம். நான் எடுத்து வைத்திருக்கவில்லை.

இதிலேயே ஒரு கிளைக்கோளாறு: எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் பாகம் அரைப் புள்ளி தள்ளி நிற்கும். அப்போது ஜம்பர் பிளேட்டைத் தேடுங்கள் (பிளேட் என்றால் பிரிக்கின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ள தட்டைத் துண்டு). இரண்டு புள்ளி இடத்தில் நடுவே ஒரே புள்ளி உள்ள சின்னத் துண்டு அது, மேலே வைப்பதைச் சரியாக 4 மில்லிமீட்டர் நகர்த்தும். அம்மாவிடம் காட்டினேன், "அட, ஊடுபுள்ளி" என்று போய்விட்டாள். நேர்ப்புள்ளியில் ஆரம்பித்து நடுவில் ஊடுபுள்ளிக்கு மாறும் கோலத்தில் எங்கே மாறுகிறோம் என்று ஞாபகம் இருக்க வேண்டும் இல்லையா, இங்கேயும் அதுதான். ஜம்பர் வர வேண்டிய இடத்தில் சாதாரண 1×2 (ஒரே வரிசையில் இரண்டு புள்ளி உள்ள பிளேட்) வைத்துவிட்டாலும், உல்டாவாகச் செய்துவிட்டாலும், மேலே கட்டியது மொத்தமும் அரைப் புள்ளி விலகி நிற்கும்.

வலது பக்கம் பொருந்துகிறது, இடது பக்கம் மாட்டேன் என்கிறது

இரண்டு இடது கால் செருப்பு செய்திருக்கிறீர்கள். மட்கார்டு, கை, காலணி, மீசையின் பாதி, எல்லாமே கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி வர வேண்டியவை. புத்தகத்தில் ஒரு பாகத்தின் பக்கத்தில் 2 என்று போட்டிருந்தால் அதே மாதிரி இரண்டு. அப்படிப் போடாமல் தனித்தனியாக வரைந்திருந்தால் அவை ஒன்று போல இருக்காது, எவ்வளவு ஒன்று போலத் தெரிந்தாலும். இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்துப் பிடியுங்கள். ஒன்றின் நிழல் போல மற்றது நின்றால் சரி, ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிற்பது போல இருந்தால் ஒன்றைப் பிரித்துவிட்டுத் திருப்பிக் கட்ட வேண்டியதுதான்.

இரண்டு பாகங்களுக்கு நடுவே மெல்லிய இடைவெளி

மரியோ போன்ற உருண்டை உடம்பைக் கட்டும்போது துண்டுகளை மேல்நோக்கி மட்டும் அடுக்கினால் படிக்கட்டு மாதிரி வரும். அதனால் கன்னம், வயிறு, வண்டியின் மூக்கு எல்லாம் பக்கவாட்டில் திருப்பி ஒட்டியவை. அப்போது இரண்டு வேறு அளவுகள் சந்திக்கின்றன. புள்ளிக்குப் புள்ளி 8 மில்லிமீட்டர், ஒரு பிளேட்டின் கனம் 3.2. ஐந்து பிளேட் அடுக்கினால் 16, அது சரியாக இரண்டு புள்ளி. இந்த ஐந்துக்கு இரண்டு கணக்கு எங்கே உதைக்கிறதோ அங்கே இடைவெளி விழும்.

நான் அளக்கும் முறை இது, கருவி எதுவும் வேண்டாம். பழைய ஏடிஎம் கார்டு இரண்டு எடுங்கள். ஒரு கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர். எழுத்து புடைத்திருக்கும் கார்டு வேண்டாம், தட்டையானது வேண்டும். இடைவெளியில் ஒரு கார்டு மட்டும் நுழைந்து நின்றுவிட்டால் கணக்கில் பிழை இல்லை, உள்ளே எங்கேயோ ஒரு துண்டு முழுதாக அமராமல் இருக்கிறது. அடியிலிருந்து ஒவ்வொரு அடுக்காக இரு விரலால் நெருக்கிக்கொண்டே வாருங்கள், ஓரிடத்தில் டக் கேட்கும், இடைவெளி மூடிவிடும். இரண்டு கார்டும் சேர்ந்து நுழைந்தால் அது அரை பிளேட், 1.6 மில்லிமீட்டர். அப்போது பிராக்கெட்டைப் பாருங்கள். அந்த எல் வடிவத் துண்டின் நிற்கும் பக்கம் அரை பிளேட் கனம்தான். அதற்குப் பதிலாக பக்கத்தில் புள்ளி உள்ள வேறு வகை பிரிக்கை வைத்திருப்பீர்கள், அல்லது மேல்நோக்கி வளைய வேண்டியதைக் கீழ்நோக்கி வைத்திருப்பீர்கள். இரண்டு கார்டு போயும் இன்னும் லொடலொட என்று ஆடினால் ஒரு முழு பிளேட்டையே விட்டுவிட்டீர்கள், பெட்டிக்குள் தேடுங்கள்.

லூயிஜியின் வயிற்றில் இரண்டு கார்டு போனது. ஒரு வாரம் அதை இடுப்புப்பட்டை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு துண்டைக் காணோம், அல்லது ஒரு துண்டு மிஞ்சுகிறது

மிஞ்சுவதை முதலில் சொல்கிறேன், அதில்தான் தகவல் இருக்கிறது. செட்டில் மிகச் சின்னத் துண்டுகள், 1×1 வட்டம், சின்ன டைல் (மேலே புள்ளி இல்லாத வழவழப்பான துண்டு) மாதிரியானவை, வகைக்கு ஒன்று கூடுதலாகவே வரும். அது மிஞ்சினால் சந்தோஷமாக எடுத்து வையுங்கள். பெரிய துண்டு ஏதாவது மிஞ்சினால், அல்லது ஒரே வகையில் இரண்டு மூன்று மிஞ்சினால், ஒரு படியை விட்டிருக்கிறீர்கள், அடுத்த பையைப் பிரிக்காதீர்கள்.

காணோம் என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்: காலியான பையின் மூலை, வேறொரு பிரிக்கின் அடிக்குழி (1×1 அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்), பாயின் மடிப்பு, உங்கள் முழங்காலுக்கு அடியில். அங்கேயும் இல்லையென்றால் அதைப் போலவே உள்ள வேறு துண்டு கையில் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். கறுப்புக்குப் பதில் அடர் சாம்பலை வைத்திருப்பீர்கள், டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றுதான். நிற விஷயத்தைப் பகல் வெளிச்சத்தில் தீர்ப்பதே உத்தமம்.

ஆக்ஸில், அதாவது சக்கரத்தைக் கோக்கும் அச்சுக்குச்சி, என்றால் நிறத்தை நம்பாதீர்கள், நீளத்தைப் பாருங்கள். அச்சுப் புத்தகத்தில் ஆக்ஸிலை நிஜ அளவிலேயே வரைந்திருப்பார்கள், துண்டைப் படத்தின் மேல் வைத்தால் தெரிந்துவிடும். போனில் பார்த்துக் கட்டுகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது, அவர்கள் ஒரு பிரிக்கின் பக்கத்தில் வைத்துப் புள்ளிக் கணக்கில் அளக்க வேண்டும்.

பிரித்து வைக்க விலையுயர்ந்த டப்பா எதுவும் தேவையில்லை. எவர்சில்வர் தாம்பாளம் போதும், விழுந்தால் சத்தமும் கேட்கும். நான் ஆரம்பத்தில் அம்மாவின் பழைய அஞ்சறைப்பெட்டியை எடுத்தேன், அழகாக இருந்தது. இரண்டு நாள் கழித்து சமையலறையிலிருந்து "உளுந்துக்குள்ள வெள்ளையா என்னமோ கெடக்கு" என்று குரல் வந்தது. மரியோவின் கண்ணுக்கென்று நான் கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடிய வட்ட டைல். அதோடு அஞ்சறைப்பெட்டியை அம்மா திரும்ப எடுத்துக்கொண்டாள்.

வண்டி ஒரு பக்கம் ஆடுகிறது, சக்கரம் சுற்றவில்லை, நடுவில் தொய்கிறது

ஆடுகிறதா? முதலில் தரையைச் சந்தேகியுங்கள். சமையலறைக் கிரானைட் மேடையில் வண்டியை வைத்து எந்தச் சக்கரம் தூக்கி நிற்கிறது என்று பாருங்கள். பிறகு வண்டியை அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். அதே சக்கரம் தூக்கினால் குற்றம் வண்டியில், வேறு சக்கரம் தூக்கினால் குற்றம் மேடையில். வண்டி என்றால் அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது, தூக்குகிற சக்கரத்துக்குக் குறுக்கு எதிர் மூலையில் ஒரு பின் பாதிதான் உள்ளே போயிருக்கும், அங்கே போய்ப் பாருங்கள்.

சுற்றவில்லை என்றால் நான்கு காரணம்தான். ஆக்ஸிலில் செருகும் புஷ் என்கிற சின்ன வளையத்தைச் சட்டத்தோடு ஒட்டி நெரித்திருப்பீர்கள், ஒரு தாள் நுழையும் இடம் விட்டு இழுங்கள். டயர் மட்கார்டில் உரசும், அப்போது மேலே சொன்ன புள்ளிக் கணக்குக்குப் போங்கள். பின் மாறியிருக்கும்: சாதாரணக் கறுப்புப் பின் இறுக்கிப் பிடிப்பதற்கு, வழவழப்பான சாம்பல் பின் சுற்றுவதற்கு, ஒரு முனை ஆக்ஸிலாக உள்ள பின்னில் நீலம் இறுக்கும், வெளிர் பழுப்பு சுற்றும். நான்காவது, ஆக்ஸிலே வளைந்திருக்கும். தரையில் உருட்டிப் பாருங்கள், குதித்தால் மாற்றுங்கள், நிமிர்த்த முயல வேண்டாம்.

தொய்வதுதான் பெரிய நோய், சொந்த வடிவம் போடுகிறவர்களுக்குத்தான் இது வரும். லூயிஜியை உட்கார வைத்ததும் வண்டியின் வயிறு கீழே இறங்கியது. வெறும் பிளேட்டுகளை அடுக்கி அடித்தளம் போட்டிருந்தேன், அதுவும் ஒரு மூட்டுக்கு நேர் மேலேயே அடுத்த மூட்டு. எந்தக் கொத்தனாரும் செங்கலை அப்படி வைக்க மாட்டார். மூட்டின் மேல் முழுக்கல் வருகிற மாதிரி மாற்றி அடுக்கினேன், பாதி சரியானது. மீதிப் பாதிக்கு நெடுக்குப் பூட்டு வேண்டும். ஒரு டெக்னிக் பிரிக், மேலே இரண்டு பிளேட், அதற்கு மேல் இன்னொரு டெக்னிக் பிரிக். பிரிக்கின் உயரம் 9.6, பிளேட் இரண்டும் 6.4, ஆக மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் நடுவே 16 மில்லிமீட்டர், இரண்டு புள்ளி தூரம். மூன்று துளை உள்ள பீமை நெட்டுக்குத்தாக நிறுத்தி மேலும் கீழும் பின் குத்தினால் அடுக்குகள் பிரியவே முடியாது. இரண்டு பிளேட்டுக்குப் பதில் மூன்று வைத்துவிட்டு பின் போகவில்லையே என்று அழுதால் அதற்கு நான் பொறுப்பில்லை.

தலை தொங்குகிறது, கை ஸ்டியரிங்கை எட்டவில்லை

தலையில் தொப்பியைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் தலை நிமிர்ந்து நின்றால் சிக்கல் எடையில், அப்போதும் தொங்கினால் சிக்கல் மூட்டில். எடை என்றால் உள்ளே என்ன திணித்தீர்கள் என்று யோசியுங்கள். கொழுக்கட்டைக்குப் பூரணம் வைப்பது போல லூயிஜியின் மண்டைக்குள் மிச்சமிருந்த பிரிக்கையெல்லாம் போட்டு அடைத்திருந்தேன். ஒரு 2×4 பிரிக் சுமார் 2.3 கிராம், நாற்பது போட்டால் தொண்ணூறைத் தாண்டும், அத்தனையும் ஒரு கழுத்தில். உள்ளே கூடு போலக் காலியாக விட்டு, சுவரை மட்டும் இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். மூட்டு என்றால், வழவழப்பான பந்து மூட்டு நாளாக நாளாகத் தளரும். கட்கட் என்று பல் மாறும் கீல் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தலை எந்தக் கோணத்திலும் நிற்கும், ஆனால் நினைத்த கோணத்துக்கும் கிடைக்கும் கோணத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். எனக்கு அது பரவாயில்லை. பசை போடுவதை மட்டும் ஏற்றுக்கொள்ள மாட்டேன். பசை போட்டால் அது பொம்மை, பிரிக் மாடல் இல்லை.

கை எட்டவில்லை என்றால் கையை நீட்டாதீர்கள், இருக்கையைப் பாருங்கள். இருக்கையில் ஒரு பிளேட் கூடினாலே உடம்பு பின்னால் சாய்ந்து விரல் ஸ்டியரிங்குக்கு முன்னால் நின்றுவிடும். முதுகுக்குப் பின்னால் வண்டியின் ஒரு புள்ளி குத்திக்கொண்டு நிற்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். அந்த இடத்தில் வழவழப்பான டைல் வர வேண்டியிருக்கும்.

சொந்த வடிவத்துக்கு ஒரே அறிவுரை, வண்டியை மூடுவதற்கு முன்னால் ஆளை உட்கார வைத்துப் பாருங்கள். லூயிஜி அண்ணனைவிட உயரம் என்று நான் காலையும் நீட்டினேன், உடம்பையும் நீட்டினேன். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. உள்ளூர் ரயிலில் நாலாவது சீட்டில் பாதி உட்கார்ந்தவர் போல ஒரு பக்கமாக ஒடுங்கி இருந்தான். காலை மரியோ அளவுக்கே குறைத்து, உயரத்தை இடுப்புக்கு மேலேயே கொடுத்ததும் சரியாகிவிட்டது.

எல்லாம் சரி, ஆனால் முகம் அவன் மாதிரி இல்லை

இந்தக் கோளாறுக்கு எந்தப் புத்தகத்திலும் பக்கம் இல்லை. செட்டில் வந்தால் புருவத்தையோ மீசையையோ ஒரு பிளேட் மேலே கீழே வைத்திருப்பீர்கள், அவ்வளவுதான். சொந்த வடிவத்தில் வந்தால் மரியோ எப்படிப் பிறந்தான் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1981-ல் டாங்கி காங் விளையாட்டில் அவன் வந்தபோது உருவத்துக்குக் கிடைத்தது திரையில் கொஞ்சமே கொஞ்சம் சதுரங்கள் (பிக்செல்). முடியை வரைய வழியில்லை, அதனால் தொப்பி. வாயை வரைய இடமில்லை, மூக்கும் தனியாகத் தெரிய வேண்டும், அதனால் மீசை. கை ஆடுவது உடம்பிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும், அதனால் சட்டைக்கு ஒரு நிறம், மேலே ஓவரால்ஸுக்கு வேறு நிறம். மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியமோட்டோ அழகுக்காகப் போட்டதாக நாம் நினைப்பதெல்லாம் இடமில்லாமல் போட்டது. பிரிக்கும் சதுரம்தானே, நமக்கும் அதே நெருக்கடிதான். தொப்பி விளிம்பு, மூக்குக்குக் கீழே மீசை தொடங்கும் கோடு, தோளில் நிறம் மாறும் கோடு, இந்த மூன்றும் சரியாக விழுந்தால் கன்னம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் ஆள் தெரிந்துவிடும்.

சோதிக்க, ஒரு போட்டோ எடுத்து நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் அவன்தான் என்றால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் எந்தக் கோடு மங்குகிறது என்று அதிலேயே தெரியும். எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். பீரோவின் மேல் வைத்தால் கீழிருந்து பார்க்கும்போது தொப்பி விளிம்பு கண்ணை மறைத்துவிடும். தலையை ஒரு பல் முன்னால் சாய்த்தால் போதும்.

லூயிஜி 1983-ல் மரியோ பிரதர்ஸில் வந்தபோது அதே உருவத்துக்கு நிறத்தை மட்டும் மாற்றினார்கள், உயரமும் ஒல்லியும் பிறகு வந்தவை. நானும் அந்தச் சோம்பேறி வழியில் போய் மரியோவின் மீசையை அப்படியே அவனுக்கும் வைத்தேன். அக்கா மகன் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "சித்தி, இது பச்சச் சட்ட போட்ட மரியோ" என்றான். பையன் சொன்னது சரி. மரியோ மீசைக்கு அடியில் அலை அலையாக நெளிவு இருக்கும், லூயிஜிக்கு அது வழவழவென்று வளையும். வளைந்த டைல் நான்கு போட்டு மாற்றினேன், முகமும் மாறிவிட்டது.

சில்லறைக் கோளாறுகள்

பிடிப்பே இல்லை, தொட்டால் கழன்று வருகிறது: பழைய துண்டுகள் தேய்ந்திருக்கும், அல்லது எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு கட்ட உட்காராதீர்கள், வழுக்குவதோடு தூசியும் ஒட்டும். 40 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில், கொஞ்சம் சோப்புப் போட்டு, கையால் கழுவுங்கள். வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம். ஜூலையில் கழுவினால் பிரிக்கின் வயிற்றில் தண்ணீர் மூன்று நாளைக்கு நிற்கும், வாய் கீழாகத் துணியில் கவிழ்த்து ஃபேனைப் போடுங்கள்.

இரண்டு பிளேட் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கிறது: மேலே ஒரு பிரிக்கும் கீழே ஒரு பிரிக்கும் மாட்டி எதிரெதிராக நெம்புங்கள். செட்டோடு செப்பரேட்டர் (துண்டுகளைப் பிரிக்கும் சின்ன நெம்புகோல்) வந்திருந்தால் அதுவும் ஆகும், அதன் முனையில் இருக்கும் குச்சி ஆக்ஸிலைத் தள்ளி வெளியே எடுக்க. பல்லால் கடிக்காதீர்கள். கத்தியும் கூடாது, கோடு விழும்.

பழுப்புத் துண்டு மாட்டும்போதே விரிகிறது: பழைய உதிரிகளில் பழுப்பும் அடர் சிவப்பும் உடையும் சுபாவம் உள்ளவை. முடிக்குப் பழுப்பு வேண்டுமே என்று பழைய குவியலில் வாங்கினால் எடை தாங்குகிற இடத்தில் அதை வைக்காதீர்கள்.

ஒரே சிவப்பு இரண்டு சிவப்பாகத் தெரிகிறது: ஒன்று ஜன்னலோரத்தில் வெயில் பட்டிருக்கும். பின்பக்கத்துக்கும் அடிக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஸ்டிக்கர் கோணலாக விழுந்தது, அல்லது குமிழி: ஒட்டும் இடத்தில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு தடவிவிட்டு வைத்தால் நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும், பிறகு துணியால் ஒற்றி எடுங்கள். மழைக்காலத்தில் ஸ்டிக்கர் தாளைப் புத்தகத்துக்குள் வைத்து மேலே கனமாக எதையாவது வையுங்கள், இல்லையென்றால் அப்பளம் போல வளைந்துவிடும்.

வீட்டில் நன்றாக நின்றது, எடுத்துப் போனால் உதிர்கிறது

தூக்கும் இடம் தப்பு. எல்லோரும் தலையையோ தோளையோ பிடிக்கிறார்கள். அடிச்சட்டத்துக்குக் கீழே இரண்டு உள்ளங்கையையும் கொடுத்து, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்க வேண்டும். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு அது போதும். ஊர் தாண்டி என்றால் முழுதாகக் கொண்டு போகவே முயலாதீர்கள். தலை, தொப்பி, ஸ்டியரிங், நான்கு சக்கரம், இவையெல்லாம் தனித்தனியாகக் கழலும்படி கட்டியிருந்தால் கழற்றுங்கள், அப்படிக் கட்டவில்லை என்றால் அடுத்த முறை கட்டுங்கள்.

லூயிஜியை முலுண்டுக்குக் கொண்டு போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. குர்லாவில் மாறிப் போகலாம் என்றால் அன்று மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தியிருந்தார்கள், ஆட்டோ பிடித்தேன். வண்டி மட்டும் அட்டைப்பெட்டியில், சுற்றிலும் அம்மாவின் பழைய நூல் சேலை இரண்டு, நகராமல் இறுக்கமாக. செய்தித்தாள் வைக்காதீர்கள், குலுங்கும்போது அமுங்கிப்போய் இடம் விட்டுவிடும். உடம்பு மடியில். ஹைவேயில் ஏறும் வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு டக் கேட்டது, விக்ரோலி தாண்டும்போது பிரித்துப் பார்த்தால் ஒரு முகப்புவிளக்கு மட்டும் சேலை மடிப்பில் கிடந்தது. அதை ஒரே அழுத்தில் திரும்ப வைத்தேன்.

அக்கா வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் பையன் உடம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சித்தி, தலை எங்க?"

"அந்த டிபன் டப்பாவத் தெற. பெரிய டப்பாவுல தலை, சின்னதுல மீசை. சின்னத ஆட்டாத, கொட்டிரும்."